ரொட்டிப்பலகைப் புணரியல்

பாயிரம்

இலக்கண நூல் செய்யப் புகுந்த பெரியோர் முதற்கண் எல்லை கூறினர். அவர்களுக்கு வடக்கே ஒரு மலையும் தெற்கே ஒரு முனையும் வாய்த்தன. இந்நூலுக்கு வடக்கெல்லை ஃபிரிட்ஜ். தெற்கெல்லை சமையலறை ஜன்னல். இடைப்பட்ட நிலத்தில், மிக்ஸிக்கும் புளி ஜாடிக்கும் நடுவே, ஒரு பிரெட்போர்டு மூன்று ஆண்டு நான்கு மாதம் கிடந்தது. அதன்மேல் செருகியிருந்த சுற்று, மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் விட்டுவிட்டுக் கத்தும். சும்மா சோதித்துப் பார்க்கத்தான் என்று சொல்லி வைத்தேன். வயர்கள் கால்களாக நீட்டிக்கொண்டிருந்ததால் என் மனைவி அதற்குப் பூரான் என்று பெயரிட்டாள். “ஏங்க, பூரானைக் கொஞ்சம் நகர்த்துங்க, தாளிக்கணும்” என்பது எங்கள் வீட்டில் வழங்கும் தொடர்.

அப்பூரானை நிலைப்படுத்துதலே இந்நூல் நுதலிய பொருள். சிறப்புப் பாயிரம் கேட்கும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன், பள்ளியில் முப்பத்தோராண்டு தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். மின்னணுவியல் கற்றவன் அல்லன். வழி, சென்னை ரிட்சி தெருக் கடைக்காரர் வாய்மொழி. யாப்பு, தொகைவிரி. கேட்போர், வீட்டில் ஒருவரும் இலர். ஆகவேதான் எழுத நேர்ந்தது. பயன், தண்ணீர் தெருவில் ஓடாமை.

பெயர்

1920களில் அமெரிக்காவில் வீட்டிலேயே ரேடியோ கட்டியவர்கள், அடுக்களையில் ரொட்டி அறுக்கும் பலகையை எடுத்து, ஆணியும் திருகும் இறக்கி, வால்வுகளை அதன்மேல் நிறுத்தி, தடித்த செம்புக் கம்பியால் பிணைத்தார்கள். அதே காலத்தில் அட்வாட்டர் கென்ட் என்ற தொழிலதிபர், மேல்மூடியே இல்லாமல் பலகையில் பாகங்களைப் பொருத்திய ரேடியோக்களைக் கடையில் வைத்தே விற்றார். ஆகவே, சோதனைக் கோலத்திலேயே ஒரு பொருளை நடுவீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் என்னால் தொடங்கப்பட்டதன்று. பலகை பறிபோன வீடுகளில் யார் என்ன சொன்னார்கள் என்பது பதிவாகவில்லை.

சொல்லுக்குச் சொல் பெயர்த்து ரொட்டிப்பலகை எனலாம். கடையில் அப்படிக் கேட்டால் பூரிக்கட்டை வாங்க எதிர்க்கடைக்கு அனுப்புவார்கள். நாம் அரிவாள்மணையில் காய் நறுக்கியவர்கள். இப்பொருள் இங்கே பிறந்திருந்தால் மணை என்று பெயர் பெற்றிருக்கும், “சுற்று மணையில் உட்கார்ந்திருக்கிறது” என்று சொல்ல வசதியாகவும் இருந்திருக்கும். கடைக்காரர் சொல்வது பிரெட்போர்டு. தலைப்பைத் தவிர மற்ற இடங்களில் நானும் அவ்வாறே.

இன்று நாம் வாங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் வடிவம், 1971இல் கனெக்டிகட் மாநிலத்தில் இ அண்டு எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரொனால்டு போர்ச்சுகல் என்பவர் அமைத்தது. ஆணி போய்க் கவ்வி வந்துவிட்டது. முழு அளவுப் பலகையில் 830 துளைகள். நடுவே 63 வரிசை, வரிசைக்குப் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துத் துளை, ஆக 630. ஓரங்களில் மின்சாரம் ஓடும் தண்டவாளம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஐம்பது, ஆக 200. ஐந்தைந்து துளைக்குக் கீழே ஓர் உலோகக் கவ்வி ஒளிந்திருக்கிறது. துளைக்கும் துளைக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒன்று. நாம் கெஜத்தையும் வீசையையும் விட்டு எத்தனையோ காலமாயிற்று. இருவரிசைக் கால் கொண்ட ஐசி மட்டும், 1964இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பிறந்தபோது இட்ட அங்குலக் கணக்கிலேயே இன்னும் நிற்கிறது.

இயல்பு

இரண்டு சொற்கள் சேரும்போது ஒரு மாற்றமும் நேராவிட்டால் அது இயல்பு புணர்ச்சி. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆவது போல. ஓர் எழுத்துத் தோன்றினாலோ, திரிந்தாலோ, கெட்டாலோ விகாரப் புணர்ச்சி. இந்த இடத்தில் வகுப்பின் பின்வரிசை சிரிக்கும். சிரித்து முடிக்கும்வரை சுண்ணாம்புக் கட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஆசிரியர் கடமை.

பிரெட்போர்டில் நிகழ்வது இயல்பு புணர்ச்சி. கவ்வி நிலைமொழி; ரெசிஸ்டரின் கால் வருமொழி. செருகினால் சேரும், பிடுங்கினால் பிரியும். இரண்டும் இருந்தபடியே இருக்கும். என் சுற்றில் இருந்த சொற்கள் சிலவே: ஒரு 555 ஐசி, ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ஐந்தாறு ரெசிஸ்டர், இரண்டு கண்டென்சர், ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் அடாப்டர். தொட்டியின் வாயருகே இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்கள் தொங்கும். முதலில் செம்புக் கம்பிதான் தொங்கியது. ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் தண்ணீருக்குள் செம்பு அரிபட்டுப் பச்சை பூக்கும் என்பதை அது பூத்த பிறகு அறிந்தேன். தண்ணீர் இரண்டு ஸ்பூனையும் தொட்டதும் டிரான்சிஸ்டர் விழித்து 555இன் நான்காம் காலை மேலே தூக்கும். அந்தக் கால் தாழ்ந்திருக்கும்வரை ஐசி வாய் திறவாது, உயர்ந்தால் கத்தும். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் இந்த ஐசியை வடிவமைத்தபோது எங்கள் தொட்டியை நினைத்திருக்க மாட்டார். ஆனால் 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் என்று மூன்று எண்ணைக் கொடுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை கத்தும்படி சூத்திரம் செய்துவிட்டார். சூத்திரம் என்றால் இதுவன்றோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. உரையாசிரியரே தேவைப்படவில்லை.

இயல்பு புணர்ச்சிக்கு ஒரு குறையுண்டு. மிக்ஸி ஓடினால் பலகை அதிரும். அதிர்ந்தால் டிரான்சிஸ்டரின் மெல்லிய கால் கவ்விக்குள் நெளியும். நெளிந்தால் தொட்டி காலியாக இருந்தாலும் ஒரு கத்தல். “சட்னி அரைச்சா தொட்டி ரொம்புதுங்க” என்று என் மனைவி இதைப் பதிவு செய்திருக்கிறாள். தொட்டி உண்மையில் நிரம்பி, சுற்று வாய்மூடி இருந்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் நான் பலகையை ஒரு தட்டுத் தட்டி, “லூஸ் கான்டாக்ட்” என்பேன்.

இச்சொல்லை ஆராய்ந்தோர் குறைவு. டியூப்லைட் எரியாவிட்டாலும் மைக் கரகரத்தாலும் ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும் தமிழர் முதலில் சொல்வது லூஸ் கான்டாக்ட். அதைச் சொன்னால் பிழை பொருளுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள வெளியைச் சேர்ந்ததாகிவிடுகிறது. அந்த வெளிக்கு உரிமையாளர் எவருமிலர். கம்பி செருகியவனை யாரும் கேட்பதில்லை. மூன்று ஆண்டு நான்கு மாதம் நான் சுற்றைப் பற்றவைக்காமல் இருந்தது சோம்பலால் என்று வீட்டில் கருதினார்கள். நானும் மறுக்கவில்லை, சோம்பல் கௌரவமான காரணம். உண்மைக் காரணம், பற்றவைத்துவிட்டால் அந்த வெளி அடைபட்டுவிடும் என்பதே. பிறகு சுற்று கத்தாவிட்டால் பிழை என்னுடையது.

தற்காலிகத்தில் இருப்பது நம் ஊரில் அவமானமும் அன்று. தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரம் கேட்டுத் தட்டி பிடித்து, பிடித்தபடியே தலை நரைத்தவர்கள் என் ஆசிரியர் அறையிலேயே இருந்தார்கள். தற்காலிக வகுப்பறை என்று போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் மூன்று தலைமுறை படித்து வெளியேறிற்று. எதிரிலிருந்த நிரந்தரக் கட்டடத்தை இடையில் ஒருமுறை இடித்துக் கட்டினார்கள்.

விகாரம்

நிலைப்படுத்தும் முடிவு எடுக்கப்பட்டது, எடுத்தவன் நானல்லேன். வரலட்சுமி நோன்புக்கு மேடை வேண்டியிருந்தது. ரிட்சி தெருவுக்குப் போனேன்.

“டாட் போர்டா, ஸ்ட்ரிப் போர்டா சார்?” என்றார் கடைப் பையன்.

“எது தம்பி நிலையா நிக்கும்?”

“ரெண்டும் நிக்கும் சார். தப்பாப் பத்தவைச்சா அதுவும் நிக்கும்.”

டாட் போர்டில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் செம்பு வளையம் தனித்தனியே இருக்கும். எதை எதோடு சேர்ப்பது என்பது முழுக்க நம் பொறுப்பு. ஸ்ட்ரிப் போர்டில் செம்பு கோடு கோடாக ஓடும். வேண்டாத இடத்தில் டிரில் பிட்டைக் கையால் திருகிக் கோட்டை அறுக்க வேண்டும். இங்கிலாந்தில் வெரோ நிறுவனத்தார் கொண்டுவந்ததால் அதை வெரோ போர்டு என்பர்; நம் கடைகளில் டாட் போர்டையும் வெரோ போர்டு என்பர்; ஆகவே பெயரைச் சொல்லாமல் விரலால் காட்டி வாங்குவது நன்று. பிரெட்போர்டின் கோலத்தையே அப்படியே செம்பில் அச்சிட்ட போர்டும் உண்டு. மேலே இருந்ததை இருந்த இடத்திலேயே கீழே இறக்கி வைத்தால் போதும். அறிவுள்ளவர் அதை வாங்குவர். நான் டாட் போர்டு வாங்கினேன்.

கூடவே எல்லாப் பாகமும் இன்னொரு செட் வாங்கினேன். இந்நூலில் நடைமுறைக்கு உதவுவது ஒன்றே ஒன்று இருக்குமானால் அது இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் பிரெட்போர்டைக் கலைத்து அதன் பாகங்களைப் பிடுங்கிப் புதியதைக் கட்டாதீர்கள். பழையது மூலம், புதியது படி. படி எடுத்து முடிக்குமுன் ஓலையை எரித்தவன் பிறகு பாடபேதம் பார்க்க வழியில்லை. ஐசியை நேரே பற்றவைக்காமல் ஐசி பேஸ் வைத்துப் பற்றவைப்பதும் அத்தகைய முன்யோசனையே. அதன் அருமையைச் சற்றுப் பின்னர் அறிவீர்கள்.

இனி ஈயம். இந்த இடத்தில் நூல் கொஞ்சம் விரியும், பொறுத்தருள்க.

தமிழர்க்கு ஈயம் புதிதன்று. ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில் மருமகளுக்குச் சொல்லும் முதல் பாடம், சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றாதே என்பது. அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறைச் சுற்றியே நிற்கும், சொம்பு பிழைக்கும். ரசம் வற்றினால் சொம்பு ரசமாகிவிடும். காரீயம் 327 டிகிரியில் உருகும். இரண்டையும் 63க்கு 37 என்ற அளவில் கலந்தால், இரண்டைவிடவும் தாழ்வாக, 183 டிகிரியிலேயே உருகுகிறது. தனித்தனியே முறைத்துக்கொண்டு நிற்கும் இருவர் சேர்ந்தவுடன் இளகுவது குடும்பங்களில் நான் கண்டதில்லை; உலோகங்களில் நடக்கிறது. கடையில் பெரும்பாலும் கிடைக்கும் 60க்கு 40 ஈயம், 183இல் இளகத் தொடங்கி 190 அளவில்தான் முழு நீராகும். இடைப்பட்ட ஏழு டிகிரியில் அது கூழ். ஆறும்போது அந்தக் கூழ் நிலையில் கை அசைந்தால் பற்றுக் கெட்டது. ஊதி ஆற்றினாலும் நல்லதற்கில்லை. சூடான காப்பியல்ல அது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்து வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. துருத்தி ஊதி, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார். குபுக்கென்று வெள்ளைப் புகை எழும். துணியால் ஒரு சுற்று இழுத்தால் உள்ளே நிலா. நவச்சாரத்தின் வேலை, உலோகத்தின் மேலிருக்கும் களிம்பைத் தின்பது. களிம்பின்மேல் ஈயம் உட்காராது. இன்று ஈயக் கம்பியின் வயிற்றுக்குள்ளேயே பைன் மரத்துப் பிசின் அந்த வேலைக்காக அடைபட்டிருக்கிறது. பற்றவைக்கும்போது எழும் புகை அந்தப் பிசினுடையதே. நவச்சாரமும் முற்றாக ஓய்வு பெறவில்லை. கறுத்துப்போன சால்டரிங் ராடின் முனையைத் தேய்த்துத் துலக்க அதன் கட்டியை இன்றும் வைத்திருக்கிறார்கள். ஓய்வுக்குப் பின் மறுநியமனம் எனலாம்.

இலக்கணத்தில் இதற்குப் பெயர் உடம்படுமெய். இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் வந்தால் சேராது. நடுவே இரண்டுக்கும் சொந்தமில்லாத யகரமோ வகரமோ வந்து உடம்படுத்தும். போர்டின் செம்பும் பாகத்தின் காலும் அவ்வாறே. யகரமும் வகரமும் செய்ததை வெள்ளீயமும் காரீயமும் செய்கின்றன. சாரியையும் உண்டு: எட்டாத இரண்டு புள்ளிகளை எட்டவைக்க இடையில் போடும் துண்டுக் கம்பி. சாரியைக்குத் தனக்கெனப் பொருள் கிடையாது. மின்தடையே இல்லாத ரெசிஸ்டர் என்று ஒன்றைத் தொழிற்சாலைகளில் செய்து, நடுவே ஒற்றைக் கறுப்புப் பட்டை தீட்டி விற்கிறார்கள். கம்பிக்குப் பதில் எந்திரம் அதை எடுத்து வைக்க வசதி. பூஜ்யம் ஓம். சாரியைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குப் பணிக்காலத்தில் கிடைக்கவில்லை.

முதல் நாள் பதினொரு இடம் பற்றவைத்தேன். தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் காட்டினேன். பெட்டி டிவி போனதிலிருந்து அவர் மிக்ஸி பார்க்கிறார். பழைய ஞானம் அப்படியே இருக்கிறது. போர்டைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார்.

“சார், இது பத்தவைச்சதா, ஒட்டவைச்சதா?”

“ஏன் தம்பி?”

“ஜவ்வரிசி மாதிரி உருண்டு உருண்டு நிக்குது பாருங்க. ராடுல ஈயத்தை உருக்கி எடுத்துட்டு வந்து மேல வடிச்சிருக்கீங்க. எல்லாமே ட்ரை சால்டர். ராடை முதல்ல செம்பையும் காலையும் சேர்த்துத் தொடுற மாதிரி வைங்க. ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க. அப்புறம் ஈயத்தைக் கால்ல காட்டுங்க, ராடுல இல்ல. அதுவா ஓடி உக்காரும்.”

ஓடி உட்கார்ந்தது. நல்ல பற்று உருண்டையாக இராது. காலைச் சுற்றி மேலே ஏறி, பக்கங்களில் உள்வாங்கிச் சரிந்து, சிறு குன்றுபோல் மினுங்கும். அதில் நடப்பது பசை போட்டு ஒட்டுவதன்று. செம்பும் வெள்ளீயமும் தொடும் எல்லையில், செம்பு அணு ஆறுக்கு வெள்ளீய அணு ஐந்து என்ற கணக்கில் மூன்றாவதாக ஒரு சேர்மம் பிறக்கிறது. நிலைமொழியும் அன்று, வருமொழியும் அன்று. விகாரம் என்று பழையோர் சொன்னதை நான் உவமையாகத்தான் எடுத்தேன். அது வேதியியலாகவே இருந்துவிட்டது.

விகாரம் மூன்று. வாழையும் பழமும் சேர்ந்தால் நடுவே பகர ஒற்றுத் தோன்றும். கேட்காமல் தோன்றும். ஈயமும் அவ்வாறே பக்கத்துத் துளைக்குத் தாவிப் பாலம் கட்டும். சக்கர் கொண்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். மரமும் வேரும் சேர்ந்தால் மகரம் கெடும். ராடை நெடுநேரம் அழுத்தினால் மலிவான ஹைலம் போர்டிலிருந்து செம்பு வளையமே கழன்று காலோடு வந்துவிடும். கெட்ட மகரத்தை யாரும் தேடுவதில்லை. கழன்ற வளையத்தை நான் மேசைக்கடியில் அரைமணி நேரம் தேடினேன், என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே.

கெடுதலில் நுண்மையான வகை ஒன்றும் உண்டு. பிரெட்போர்டில் அடுத்தடுத்த கவ்விகள் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே பிளாஸ்டிக். அதாவது யாரும் வைக்காமலே அங்கொரு கண்டென்சர் இருக்கிறது, சில பிக்கோ ஃபாரட் அளவில். என் சுற்றுக்கு அது பொருட்டன்று. ஆனால் மைக்ரோகன்ட்ரோலரின் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு இருபுறமும் 22 பிக்கோ ஃபாரட் வைக்கச் சொல்லியிருக்கும். வைக்க மறந்தவனுக்கும் பிரெட்போர்டில் பல நேரம் ஓடிவிடும், பலகையே ரகசியமாகக் கொஞ்சம் கொடுத்து உதவுவதால். அதே பிழையோடு போர்டில் பற்றவைத்தால் நின்றுபோகக்கூடும். மனிதர் போர்டைத் திட்டுவார். உண்மையில் கெட்டது, இருந்தது என்றே தெரியாத ஓர் எழுத்து.

மூன்றாவது திரிதல். பொன்னும் குடமும் பொற்குடம் ஆவது. இதில்தான் நான் ஓர் ஐசியை இழந்தேன். பிரெட்போர்டை மேலிருந்து பார்க்கிறோம், மேலிருந்தே செருகுகிறோம், முறைநிரல்நிறை. டாட் போர்டில் பாகம் மேலே, பற்று கீழே. திருப்பியதும் இடது வலதாகிவிடும், எதிர்நிரல்நிறை. அவ்விரண்டின் வேறுபாட்டை முப்பத்தோராண்டு கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். 555இன் ஒன்றாம் கால் எட்டாம் காலாயிற்று, எட்டு ஒன்றாயிற்று. பூமி போக வேண்டிய இடத்தில் 9 வோல்ட், 9 வோல்ட் போக வேண்டிய இடத்தில் பூமி. அடாப்டரைச் செருகி, ஐசியின் தலையில் விரல் வைத்துப் பார்த்தேன். விரலில் எண் பதியவில்லை; பதியும் அளவுக்குச் சுட்டது. பேஸ் இருந்ததால் செத்ததைப் பிடுங்கி அடுத்ததைச் செருக முடிந்தது. ஆனால் கீழே எட்டுக் காலுக்கும் போட்ட கம்பியை ஒவ்வொன்றாக உருக்கி மாற்ற இரண்டு நாள். ஆகவே, கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, அத்தாளை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி வைத்துப் பின்புறமும் வரைந்துகொள்க. தெற்கெல்லையிலுள்ள ஜன்னல் இதற்குப் போதும்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று செம்புக் கோட்டை அச்சிடும் வழியைக் கண்டவர் பால் ஐஸ்லர். வியன்னாவில் பிறந்து, 1936இல் லண்டனுக்குப் பிழைக்க வந்து, தங்கியிருந்த அறையிலேயே அச்சிட்ட சுற்றால் ஒரு ரேடியோ செய்தார். ஒரு நிறுவனத்துக்குக் கொண்டு போனார். கம்பி பிணைக்கும் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள், அவர்கள் இதைவிட மலிவு, வளைந்தும் கொடுப்பார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என அவரே தன் வரலாற்றில் சொல்கிறார். பின்னர் போர் வந்தது. விமான எதிர்ப்புக் குண்டின் தலைக்குள் மின்னணுச் சுற்று வைக்க வேண்டி வந்தபோது அமெரிக்கர்கள் அச்சிட்ட சுற்றை எடுத்துக்கொண்டார்கள். இன்று கணினியில் வரைந்து அனுப்பினால் ஐந்து போர்டு, பத்துப் போர்டு என்று செய்து அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் தொட்டி ஒன்று. ஐந்து போர்டு வந்தால் மீதி நான்கை மேடையில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

ஈயமே இல்லாமல் நிலைப்படுத்தியவர்களும் உண்டு. சதுரக் கம்பத்தின் கூர்விளிம்பில் மெல்லிய கம்பியை ஐந்தாறு சுற்று இறுக்கினால், விளிம்பு கம்பியைக் கடித்துக் காற்றுப் புகாத பிணைப்பாகிவிடும். நிலவுக்குப் போன அப்போலோ கலத்தின் கணினிக்குள் அப்படிச் சுற்றிய கம்பிகள் இருந்தன. சுற்றுதல் என்றதும் இன்சுலேஷன் டேப்பை நினைத்துவிடக் கூடாது. அதைப் பற்றி இன்னும் சிறிது நேரத்தில்.

புறனடை

நூலுள் அடங்காதவற்றைக் கடைசியில் ஒதுக்குப்புறமாகச் சொல்லி வைப்பது புறனடை.

போர்டை ஒரு சோப்பு டப்பாவில் அடக்கினேன். சோப்பு டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு; பஸ்ஸரின் ஒலி வெளியே வர அவை உதவின. சுவரில் ஆணியடித்து மாட்டினேன். மேடை துடைக்கப்பட்டது. நோன்பு நடந்தது. மிக்ஸி ஓடியது, சுற்று அசையவில்லை. பூரான் என்ற சொல் வழக்கொழிந்தது. மிச்சம் இருந்தது மூலப்படியான பிரெட்போர்டு மட்டும். அதை ஷூ பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு விடியற்காலை தொட்டி வழிந்து, மாடிப்படி வழியே இறங்கி, வாசல் கோலத்தை அழித்துக்கொண்டு தெருவுக்குப் போயிற்று. டப்பா வாய் திறக்கவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தட்டிப் பார்க்கக் கை போனது. தட்ட என்ன இருக்கிறது? அன்று நான் லூஸ் கான்டாக்ட் என்று சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு பற்றையும் தொட்டேன். எல்லாம் பீப் என்றன. ஐசியை மாற்றினேன், மாற்றமில்லை. சுவரிலிருந்து வரும் ஒயரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொடவைத்தேன், உடனே கத்திற்று. ஆக, போர்டு குற்றமற்றது. ஒயரைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறினேன். எவர்சில்வரில் சாதாரணப் பிசின் ஈயம் பிடிக்காது என்பதால் ஸ்பூனின் காம்பில் ஓட்டை போட்டுச் செம்புக் கம்பியை போல்ட் முடுக்கியிருந்தேன். மெக்கானிக் சொன்ன யோசனை. அது கெட்டியாக இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, அந்தக் கம்பியையும் கீழிருந்து வரும் ஒயரையும் சேர்த்த இடம். பிரித்துப் பார்த்தேன். மூன்று ஆண்டு ஏழு மாதத்துக்கு மேல் வெயிலும் மழையும் தின்ற டேப். உள்ளே பச்சைப் பொடி. கையால் முறுக்கி, டேப் சுற்றி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இயல்பு புணர்ச்சி.

பச்சையைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கிப் புது டேப் சுற்றியிருக்கிறேன். பற்றவைக்கத்தான் வேண்டும். ராடு இருக்கிறது, ஈயம் இருக்கிறது, கையும் இப்போது பழகிவிட்டது. மொட்டைமாடியில் பிளக் பாயிண்ட் இல்லை.